பெட் ஷாப் குட்டியும் மஞ்சக் கலர் கேனுலாவும்

நான் ராமநாதபுரத்துல ஒரு கால்நடை மருந்துக்கடைல வேலை பாக்குறேன். டாக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன், இல்லைன்னா ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி எங்க நாய் சோறு திங்கல என்ன மாத்திரை குடுக்கன்னு கேப்பீங்க. எங்க கடைக்கு முக்கால்வாசி ஆடு மாடு வச்சிருக்க ஆளுகதான் வருவாங்க, குடல்புழு மருந்து, உண்ணி மருந்து, கோழி மருந்துன்னு ஓடிட்டு இருக்கும். ஆனா இப்ப கொஞ்ச வருசமா நாய்க்கு வர்ற கூட்டம் எகிறிருச்சு. அதுலயும் ஸ்கூல் லீவு நேரம், வெளிநாட்டுல இருக்க ஆளுக ஊருக்கு வர்ற நேரம்னா கேக்கவே வேணாம். புள்ளைக கேட்டுச்சுன்னு மதுரைக்குப் போறது, துணி எடுக்குறது, ஹோட்டல்ல சாப்புடுறது, அப்படியே ஒரு பெட் ஷாப்ல ஏறி லேபோ (லேப்ரடார்) பக்கோ பொமரேனியனோ ஒண்ணைத் தூக்கி மடில வச்சுக்கிட்டு பஸ் ஏறிடுறது.

அப்படி வந்த குட்டிகளுக்கு டாக்டருங்க எழுதுற சீட்டு எனக்கு மனப்பாடம். ஆர்எல் பாட்டில் (ட்ரிப்ஸ்ல ஏத்துற உப்புத் தண்ணி), அதை ஏத்துற ஐவி செட், வாந்தி நிக்க ஒரு ஊசி, ஒரு ஆன்டிபயாடிக், கூடவே 24 சைஸ் கேனுலா, அதாவது ட்ரிப்ஸ் ஏத்த நரம்புல சொருகுற ஊசி. இந்த 24ங்கிறது மஞ்சக் கலர்ல இருக்கும், ரொம்ப சன்னமான ஊசி, ஆஸ்பத்திரில பச்சப்புள்ளைக்குப் போடுறது. பெரிய நாய்க்கு இதை யாரும் கேக்க மாட்டாங்க (பூனைக்குக் கேப்பாங்க, அது வேற கதை). மஞ்சக் கேனுலாவும் ஆர்எல்லும் சேத்து சீட்டுல இருந்தா அதுல பார்வோன்னு (குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலுமா வர்ற வைரஸ் நோய்) எழுதியிருக்கவே தேவையில்ல. எப்ப வாங்குனீங்கன்னு கேப்பேன், போன ஞாயித்துக்கிழமைம்பாங்க. அன்னைக்கு வெள்ளிக்கிழமையா இருக்கும்.

இந்தக் கிழமைக் கணக்கைத்தான் யாரும் போட்டுப் பாக்குறதில்ல. பார்வோ வைரஸ் உள்ள போன அன்னைக்கே குட்டி வாந்தி எடுக்காது. பெரும்பாலும் மூணுல இருந்து ஏழு நாள் ஆகும், சிலதுக்கு ரெண்டு வாரம்கூட ஆகும், அதுவரைக்கும் குட்டி வால ஆட்டிட்டு ஓடி விளையாண்டுட்டுதான் இருக்கும். அப்ப கடைல பாக்குறப்ப துள்ளிக் குதிக்குதுன்னா அதுக்கு நோய் இல்லைன்னு அர்த்தம் இல்ல, வாங்கி ரெண்டாம் நாள் மூணாம் நாள் சாய்ஞ்சுச்சுன்னா அது பெரும்பாலும் கடையிலயோ அதுக்கு முன்னாடியோ ஒட்டுனதுதான். இது கடைக்காரருக்கும் தெரியும். ஆனா போன் போட்டா அவர் கேக்குற முதல் கேள்வி, "நீங்க என்ன சாப்பாடு குடுத்தீங்க?"

பாம்பன்ல இருந்து ஒரு அண்ணன் வந்திருந்தார், விசைப்படகுல போறவர். லேப் குட்டி, மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டிய நல்லாக் கழுவி அதுல ஒரு துண்டை விரிச்சுப் படுக்க வச்சுக் கொண்டு வந்துட்டார், பக்கத்துல அவர் மக அழுதுக்கிட்டே நிக்குது. டாக்டரைப் பாத்துட்டு சீட்டோட எங்க கடைக்கு வந்தவர் அங்கயே நின்னு குட்டிய வித்த பெட் ஷாப்காரருக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சார்.

"அண்ணே, எங்ககிட்ட இருந்தப்ப சூப்பரா இருந்துச்சுண்ணே, நீங்க என்ன குடுத்தீங்க?"

"கொஞ்சம் சோறும் மீனும் பெசைஞ்சு குடுத்தோம்யா."

"அதாண்ணே. குட்டிக்குப் போயி மீனு குடுப்பாங்களா, சூடாயிரும்ணே, ரத்தமாத்தான் போகும்."

"ஏய், எங்க வீட்டுல எல்லாரும் மீனத் தின்னுதான் உயிரோட இருக்கோம், எவனுக்கும் ரத்தமாப் போகல. நீ வித்ததுதான்யா போகுது."

கடைல நின்ன எல்லாரும் சிரிச்சுட்டோம், அந்தப் புள்ளைகூட. அந்தக் குட்டி பொழைச்சிருச்சு, ஏன்னா அது முதல் வாந்தி எடுத்த அன்னைக்கே அவர் தூக்கிட்டு வந்துட்டார், நாளைக்குப் பாப்போம்னு மோரும் இளநீயும் ஊத்திட்டு இருக்கல. பார்வோவுக்குன்னு வைரஸைக் கொல்ற தனி மருந்து கடைல கிடையாது, குட்டி தண்ணி வத்திப் போகாம ட்ரிப்ஸ் ஏத்தி, வாந்திய நிறுத்தி, வேற கிருமி ரத்தத்துல ஏறாமப் பாத்துக்கிட்டா அது உடம்பே சண்டை போட்டு ஜெயிச்சு வரும், அவ்வளவுதான் வைத்தியம். சீக்கிரம் ஆரம்பிச்சா பொழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு, வைத்தியமே பாக்காம விட்டா பெரும்பாலும் போயிரும். ஆனா பில்லு குட்டி விலையத் தாண்டிப் போச்சு, அதையும் சொல்லணும்ல.

சரி, ஏன் பெட் ஷாப் குட்டிக்கு இது இம்புட்டு வருது? குட்டி அந்தக் கடையில பொறக்கிறது இல்ல. எங்கயோ ஒருத்தர் வீட்டு மாடியிலயோ ஷெட்டுலயோ பொறந்து, ஒரு புரோக்கர் கைக்கு வந்து, கூடைல போட்டு பஸ்ஸுல ஏத்தி, நாலு ஊரு குட்டிக ஒரே கூண்டுல வந்து சேருது. ஒரு குட்டி கழிஞ்ச இடத்துல இன்னொண்ணு மோந்து பாத்தாப் போதும். இதுல வயசு வேற இடிக்குது. சின்னதா இருந்தாத்தான் பொசுபொசுன்னு அழகா இருக்கும், சீக்கிரம் விக்கும், ஒரு மாசம் அஞ்சு வாரத்துலயே தாய்கிட்ட இருந்து பிரிச்சிடுறாங்க. தாயோட சீம்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்புல கொஞ்ச வாரம்தான் நிக்கும், அது குறைய ஆரம்பிச்சு, ஆனா போடுற தடுப்பூசிய முழுசா வேலை செய்ய விடாத ஒரு ரெண்டுங்கெட்டான் காலம் ஒண்ணு இருக்கு, அதனாலதான் ஒரே ஊசியோட நிறுத்தாம ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கான்னு 16 வாரம் வரைக்கும் போடச் சொல்றாங்க. அந்த ரெண்டுங்கெட்டான் காலத்துலதான் குட்டி பஸ் ஏறுது, கூண்டு மாறுது, தாய இழந்து சரியாத் திங்காமத் தூங்காமக் கிடக்குது.

மத்திய அரசு 2018ல கொண்டு வந்த பெட் ஷாப் விதிகள்ல எட்டு வாரத்துக்குக் குறைஞ்ச குட்டிய விக்கவே கூடாதுன்னு இருக்கு. கடைக்காரர் கேட்டா "அம்பது நாளு அறுபது நாளு"ன்னு வாய்க்கு வந்ததைச் சொல்வார். நம்ம ஊர்ல சந்தையில மீன் வாங்குறப்ப செவுளத் தூக்கிப் பாக்காம ஒரு கிலோ சூடைகூட வாங்க மாட்டோம், ஆனா ஆயிரக்கணக்குல குடுத்து வாங்குற குட்டியோட வாயைத் தொறந்து யாரும் பாக்குறதில்ல. பாருங்க. எட்டு வாரத்துக்குள்ள பால்பல்லு 28ம் ஏறக்குறைய வந்துரும். முன்னாடி மட்டும் ஊசி ஊசியா முளைச்சு, கடவாய்ப் பக்கம் வெறும் ஈறா இருந்துச்சுன்னா அது எட்டு வாரம் இல்ல, அவர் என்ன சத்தியம் பண்ணாலும் இல்ல. அப்படியே ஈறு நல்லா ரோஸ் கலர்ல இருக்கா, வெளுத்துப் போயிருக்கான்னும் பாத்துக்கலாம், வெளுத்திருந்தா புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடிக்குதுன்னு சந்தேகப்படலாம்.

அடுத்தது அந்த கார்டு. "ஊசியெல்லாம் போட்டாச்சு சார்"னு ஒரு கலர் கார்டை நீட்டுவாங்க, நாய்ப் படம்லாம் போட்டு அழகா இருக்கும். எனக்கு இதுலதான் ரொம்பக் கோவம் வரும், ஏன்னா அந்த மருந்தை விக்கிறவன் நான். தடுப்பூசி ரெண்டு பாட்டிலா வரும், ஒண்ணுல அடியில வெள்ளையா காஞ்ச மருந்து ஒட்டிக்கிட்டு இருக்கும், இன்னொண்ணுல தண்ணி மருந்து, போடுற நேரத்துல கலந்து உடனே போட்டுடணும். பாட்டில் மேல உரிச்சு எடுக்குற மாதிரி சின்ன லேபிள் இருக்கும், அதுல பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி தேதி எல்லாம் பொடி எழுத்துல இருக்கும். டாக்டர் போட்டார்னா அந்த லேபிள உரிச்சு கார்டுல ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்து போட்டு, அவரோட ரிஜிஸ்டர் நம்பர் உள்ள சீல் அடிப்பார். நான் பாக்குற பெட் ஷாப் கார்டுகள்ல நிறைய இதுல பாதிதான் இருக்கும். லேபிள் இருக்கும் சீல் இருக்காது. இல்லைன்னா பால்பாயிண்ட்ல ஒரு தேதியும் டிக்கும் மட்டும். ஒரு கார்டுல போட்டிருந்த தேதிப்படி பாத்தா அந்தக் குட்டி பொறக்குறதுக்கு முன்னாடியே அதுக்கு ஊசி போட்டிருக்காங்க!

லேபிள் நிஜமாவே இருந்தாலும் முழுசா நம்பிட முடியாது. அந்த மருந்து 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். நாங்க ஐஸ் பேக் வச்சு தெர்மாகோல் டப்பால போட்டுத்தான் குடுப்போம், வாங்கிட்டுப் போற ஆளு அதை வண்டி சீட்டுக்கு அடியில போட்டு நம்ம ஊரு மத்தியான வெயில்ல ஒரு டீ குடிச்சிட்டுப் போனாலே மருந்தோட கதை முடிஞ்சிரும். வெயில்ல கெட்டுப்போன மருந்து, பாக்குறதுக்கு மட்டும் நல்ல மருந்து மாதிரியேதான் இருக்கும். கடைக்காரரே வாங்கிட்டுப் போயி அவரே குத்துறதும் நடக்குது. அதனால கார்டுல என்ன எழுதியிருந்தாலும் சரி, வாங்குன மறுநாளே நீங்க நம்புற டாக்டர்கிட்ட காட்டி, ஊசிக் கணக்க எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு அவரை முடிவு பண்ணச் சொல்றதுதான் சரி.

பார்வோவாச்சும் வந்த ஒரு வாரத்துல மூஞ்சியக் காட்டிரும். டிஸ்டம்பர்னு ஒண்ணு இருக்கு, அது ரொம்ப மோசம். முதல்ல கண்ணுல பீளை, மூக்குல சளி, லேசாக் காய்ச்சல், இருமல், சளி பிடிச்சிருக்குன்னு நெனச்சு நம்மளும் விட்டுருவோம், கொஞ்சம் தேறுற மாதிரிகூட இருக்கும். அப்புறம் சில வாரம் கழிச்சு எதையோ மெல்லுற மாதிரி தாடைய வெட்டி வெட்டி இழுக்கும், கால் தன்னால துடிக்கும், பிட்ஸ் வரும். அதுக்குள்ள புள்ளைக அதுக்குப் பேரு வச்சு, கூடப் படுத்துத் தூங்கி, எல்லாம் ஆயிருக்கும். அந்தச் சீட்டை வாங்குறப்ப நான் ஒண்ணும் கேக்குறதில்ல.

அப்புறம் "ப்யூர்"ங்கிற பேச்சு. ப்யூர் லேப் சார், ப்யூர் பொமரேனியன் சார். நம்ம பக்கம் பொமரேனியன்னு விக்கிறதுல பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்ங்கிற வேற வகை. அது நல்ல நாய்தான், நம்ம வெயிலையும் ஓரளவு தாங்கும், ஆனா பொமரேனியன் விலை குடுத்து அதை வாங்குறீங்கங்கிறது தெரிஞ்சிருக்கணும். கேசிஐ பேப்பர் இருக்கான்னு கேட்டா "பேப்பர் வேணும்னா ரேட்டு வேற சார், அப்புறமா அனுப்பி வைக்கிறேன்"ம்பாங்க. அந்த அப்புறம் வர்றதே இல்ல. கேசிஐன்னா கென்னல் கிளப் ஆப் இந்தியா, சென்னைல இருக்கு, அவங்க ரிஜிஸ்டர் பண்ற குட்டிக்கு மைக்ரோசிப் வச்சிருக்கணும், 15 இலக்க நம்பர், ஸ்கேனர் வச்சா வரும், சர்டிபிகேட்ல அதே நம்பர் இருக்கணும். நம்பர் ஒத்துப் போகலைன்னா அது வேற நாயோட பேப்பர். அதோட பேப்பர் சுத்தமா இருந்தாலும் அது அப்பன் ஆத்தா தாத்தா பாட்டி யாருன்னு சொல்லும், குட்டி ஆரோக்கியமா இருக்குன்னு சொல்லாது. லேப், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி நாய்களுக்கு இடுப்பு மூட்டு சரியா அமையாம வளர வளர நடக்கச் சிரமப்படுற பிரச்சனை வம்சத்துல வரும், அதைத் தாய் தகப்பனுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு இனம் சேக்குறவங்ககிட்ட வாங்குனாத்தான் கொஞ்சம் தப்பிக்கலாம். பெட் ஷாப்ல போயி தகப்பனோட எக்ஸ்ரே கேட்டுப் பாருங்க, உங்களை ஒரு மாதிரி பாப்பாங்க.

நாட்டு நாய் வாங்குனாலும் இதே கவனம் வேணும். ராஜபாளையம்னு சொல்லி வெள்ளைவெளேர்னு மூக்கு ரோஸ் கலர்ல உள்ள குட்டியத்தான் எல்லாரும் தேடுறாங்க, அந்த வெள்ளை இனத்துலதான் பொறவிச் செவிடு ஜாஸ்தி. குட்டிக்குப் பின்னாடி நின்னு அது பாக்காதப்ப கை தட்டிப் பாருங்க, காசா பணமா.

நம்ம கடக்கரைக்கு ஹஸ்கி (பனி நாட்டு நாய்) வாங்கிட்டு வர்ற ஆளுகளுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. நாய் உடம்பு சூட்டைத் தணிக்கிறது நாக்கைத் தொங்கப் போட்டு இரைச்சுத்தான், காத்துல ஏற்கனவே ஈரப்பதம் நெறைஞ்சு கிடந்தா அந்த இரைப்பு சரியா வேலை செய்யாது. கீழக்கரை, மண்டபம் பக்கம் வைகாசில மத்தியானம் நமக்கே சட்டை உடம்போட ஒட்டிக்குது, மூஞ்சி சப்பையா இருக்க பக் என்ன பண்ணும்? அதுக்கு மூச்சுக்குழாயே குறுகல். 2024ல தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கைல நம்ம தட்பவெப்பத்துக்கு ஆகாதுன்னு 11 இனத்தைப் பட்டியல் போட்டாங்க, ஹஸ்கி, பக், செயின்ட் பெர்னார்ட், சௌ சௌ எல்லாம் அதுல இருக்கு. "ஏசி ரூம்லதான் வச்சிருக்கோம்"னு சொல்றவங்ககிட்ட கரண்ட் போனா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா பதில் இல்ல. சைக்கிள் கேப்ல இன்னொண்ணு, கடக்கரைல நாயை அவுத்து விடுறவங்க, வலைல இருந்து கழிச்சுப் போடுற பேத்தை மீனை நாய் வாய் வைக்க விடாதீங்க. அதோட விசத்துக்கு முறிவு மருந்தே இல்ல.

பில்லு கேளுங்க. "நாய்க்குட்டிக்கு எதுக்கு சார் பில்லு"ம்பாங்க, கேளுங்க. அந்த 2018 விதிப்படி பெட் ஷாப் நடத்த மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும், அந்தச் சான்றிதழ் எங்க இருக்குன்னு கேளுங்க. 2017ல வந்த இனப்பெருக்க விதிகள்படி குட்டி உற்பத்தி பண்றவரும் பதிவு பண்ணியிருக்கணும், பொட்ட நாயை 18 மாசத்துக்கு முன்னாடி இனம் சேக்கக் கூடாது, வருசத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல எடுக்கக் கூடாது. நோயுள்ள குட்டியக் குடுத்து ஏமாத்திட்டா 1915க்கு (நுகர்வோர் உதவி எண்) போன் பண்ணலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார் குடுக்கலாம், 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு கட்டணம் கிடையாது. ஆனா கைல பில்லும், டாக்டர் சீட்டும், பார்வோ டெஸ்ட் ரிசல்ட்டும் இல்லாம வாயால சொல்லிட்டு இருந்தா ஒண்ணும் நடக்காது.

யாராச்சும் வாங்குறதுக்கு முன்னாடியே என்கிட்ட கேட்டா (ரொம்பக் குறைச்சல் பேருதான் கேப்பாங்க) நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்வேன், தாயைப் பாத்துட்டு வாங்குங்க. எந்த வீட்டுல பொறந்துச்சோ அந்த வீட்டுக்கே போங்க. தாய் நாய் எலும்பும் தோலுமா இருக்கா, ஆளப் பாத்து பயந்து மூலைல ஒடுங்குதா, கூடப் பொறந்த குட்டிக எப்படி இருக்குன்னு பாத்தா பாதி விசயம் அங்கயே தெரிஞ்சிரும். பெட் ஷாப்ல உங்களுக்குக் காட்ட முடியாதது அந்தத் தாய் ஒண்ணுதான், மத்த எல்லாத்தையும், கார்டு, பேப்பர், போட்டோன்னு எதை வேணாலும் காட்டிடுவாங்க.

இதைப் படிச்சிட்டு அப்ப தெருக்குட்டிய எடுத்து வளத்தா ஒண்ணுமே வராதுன்னு நெனச்சுராதீங்க, தெருவுல பொறக்குற குட்டிகளும் பார்வோல கொத்துக் கொத்தா சாகுது, நம்ம கண்ணுல படுறதில்ல அவ்வளவுதான். அதுக்கும் அதே ஊசிக் கணக்கு, அதே புழு மருந்து, மூணு மாசத்துல வெறிநாய் ஊசி. குட்டி வெளையாட்டா புள்ளையக் கடிச்சு ரத்தம் வந்தாலும் "வீட்டுக் குட்டிதான"ன்னு விடாம சோப்புப் போட்டு 15 நிமிசம் ஓடுற தண்ணில கழுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

கடைசியா, குட்டி செத்துப் போனா சில கடைக்காரங்க ரொம்ப நல்லவங்களா மாறி "சரி சார், வேற குட்டி ப்ரீயாத் தர்றேன்"ம்பாங்க. புள்ளை அழுகுதேன்னு உடனே போயி வாங்கிட்டு வந்துராதீங்க. பார்வோ வைரஸ் வீட்டுத் தரையிலயும் மண்ணுலயும் மாசக்கணக்குல, ஒரு வருசம் வரைக்கும்கூட உயிரோட கிடக்கும், அது வேற அதே கடை, அதே கூண்டு. பினாயில் ஊத்திக் கழுவுனா வாசனை வரும், இந்த வைரஸ் சாகாது. முதல்ல சோப்புத் தண்ணி போட்டு கழிவு, வாந்தி கறையெல்லாம் சுத்தமாத் தேச்சுக் கழுவிட்டு, அப்புறம் கடையில விக்கிற ப்ளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணி கலந்து ஊத்தி ஒரு பத்து நிமிசம் ஈரமா ஊற விடணும். குட்டி படுத்த சாக்கு, துணி, சோத்துத் தட்டு எல்லாத்தையும் எரிச்சிருங்க இல்ல தூரப் போட்டுருங்க. முத்தத்து மண்ணை ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்கப்புறமும் நாய் வேணும்னா நாலு மாசத்துக்கு மேல ஆன, ஊசி எல்லாம் டாக்டர் கையெழுத்தோட முழுசா முடிஞ்ச நாயா பாத்து வாங்குங்க, பொசுபொசுன்னு இருக்காது, பரவால்ல.